ராஜலிங்கத்தின் காது

என் அக்காள் பாலாம்பிகையைக் கட்டிய ராஜலிங்கம் கண்டி நகரசபையில் கிளாக்கர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, குரலை உயர்த்திப் பேசுகிற பழக்கமும் கிடையாது. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எங்கள் அப்பா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். பல வருடம் அப்பா சொன்னது சரியாகவே இருந்தது. பிறகு அக்காளின் அலுமாரியில் சேலை வைக்க இடமில்லாமல் போனது. உள்ளே முழுக்கப் பீரங்கிச் சாமான்.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடமிருக்கும். பேராதனைக்கு அப்பால் ஒரு துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகிறார், பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு மச்சான் உட்கார ஒரு கதிரை வாங்கப் போனார். திரும்பி வந்தபோது கதிரை இல்லை. முழங்கால் உயரப் பித்தளைக் குழாய் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பீரங்கியிலிருந்து குண்டு பறந்துபோன பிறகு மிஞ்சுகிற உறை அது. துரை அதில் கைத்தடிகளைச் செருகி வைத்திருந்தாராம்.

"இத வச்சி என்ன பண்ணப் போறீங்க?" என்று அக்காள் கேட்டாள்.

"படிக்கப் போறேன்" என்றார் மச்சான்.

சொன்னபடி படித்தார். உறையைக் கவிழ்த்தால் அடிப்பக்கத்தில் வட்டமாக எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். எந்த வருடம், எந்தத் தொழிற்சாலை, எந்தப் பீரங்கிக்கு என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். அம்புக்குறி இருந்தால் இங்கிலீஷ் அரசாங்கத்தின் சொத்து. உறையோடு குண்டும் கிடைத்தால் அதன் இடுப்பில் ஓடும் செப்பு வளையத்தைப் பார்க்க வேண்டும். வளையத்தில் சாய்வாகக் கீறல் விழுந்திருந்தால் சுட்டது, இல்லையென்றால் சுடாதது. மூக்கில் திருகுகிற மூடி தொலையாமல் இருந்தால் விலை ஏறும். இதையெல்லாம் அவர் எனக்கு எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. சில வருடத்தில் துரைமாரே தங்களிடமிருந்ததைத் தூக்கிக்கொண்டு, "இது என்ன பெறும், மிஸ்டர் ராஜலிங்கம்?" என்று கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் மோட்டார் கார் நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். மச்சானுக்குத் தலைக்கனம் ஏறியது அப்போதுதான்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பழைய சாமானுக்கு அதன் மேல் படிந்திருக்கும் கறுப்புத்தான் வயது. அதைச் சுரண்டினால் விலை போய்விடும். இந்தச் சட்டம் தெரியாத அக்காள் ஒரு வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கையோடு, அலுமாரியிலிருந்த உறைகளையும் எடுத்துப் பளபளவென்று தேய்த்து அடுக்கிவிட்டாள். நான் தற்செயலாக அங்கே போனேன். மச்சான் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டேன்.

போகப்போக அலுமாரிக்குள் இரும்பு உருண்டைகளும் சேர்ந்தன. பித்தளைக்கு முத்திரை உண்டு. இங்கிலீஷ்காரன் கண்டிக்குள் முதன்முதலாக வந்து அடிவாங்கிக்கொண்டு போன காலத்து இரும்பு உருண்டைகளுக்கு ஒன்றும் கிடையாது. அவற்றில் இரண்டு வகை. ஒன்று கெட்டிக் குண்டு, முழுக்க இரும்பு, சுவரை இடிப்பதற்கு. மற்றது பொள்ளல் குண்டு. அதன் வயிற்றில் வெடிமருந்து. மருந்து போட்ட துளையை ஒரு மரத்தக்கையால் அடைத்து, தக்கைக்குள் திரி வைத்திருப்பார்கள். கெட்டிக் குண்டை யாரும் சீந்தமாட்டார்கள். பொள்ளல் குண்டு தக்கையோடு கிடைத்தால் துரைமார் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். துருவும் மண்ணும் மூடிய உருண்டையில் துளை வெளியே தெரியாது. சுரண்டிப் பார்த்தால் தெரியும், ஆனால் சுரண்டக் கூடாது. அதனால் மச்சான் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். கணீரென்றால் கெட்டி. மந்தமாகக் கேட்டால் பொள்ளல்.

கட்டுகஸ்தோட்டையில் பழைய இரும்பு, பித்தளை வாங்கி விற்கிற முனாப் நானா இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஒரே அளவு உருண்டை ரெண்டு இருந்தா தராசுல வெச்சிப் பாக்கலாமே ஐயா. பொள்ளல் இலேசாத்தானே ஈக்கும்."

"நிறுக்கிறது இரும்புக் கடை வேலை நானா. எனக்குக் காது போதும்" என்றார் மச்சான்.

அந்தக் காதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டில், மகாவலிக் கரையில் யாரோ அத்திவாரம் வெட்டும்போது ஒரே குழியிலிருந்து நான்கு இரும்பு உருண்டைகள் வந்தன. நான்கும் உரித்த தேங்காய் அளவு. முனாப் நானா எடைக்கு வாங்கினார். ஒன்றைத் தனக்கு வேண்டுமென்று பக்கத்துப் பட்டறைக் கொல்லன் கேட்டு வாங்கிக்கொண்டான். மற்ற மூன்றும் மச்சான் வீட்டுக்கு வந்தன. மச்சான் பாரம் தூக்குகிற ஆளில்லை. கூலியாள் இறக்கிவைக்க, அவர் குந்தியிருந்து தட்டினார்.

"மூணும் கெட்டி. ஒண்ணு மட்டும் கொஞ்சம் மந்தமா கேக்குது. ஆத்து ஈரம்" என்று தீர்ப்புச் சொன்னார். விலை போகாத சாமானென்று மூன்றும் கொல்லையில் வாழைமரத்தடிக்குப் போயின.

அந்த வருடம்தான் அவருடைய ஒரே மகள் பரிமளத்தைக் கெலிஓயாவில் கடை வைத்திருந்த தனபாலனின் மகனுக்குக் கொடுத்தோம். அடுத்த தை பிறந்தபோது தலைப்பொங்கலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சம்பந்தி தனபாலனும் அவர் மனைவியும் கூடவே வந்தார்கள். முதல்நாள் முழுக்க மழை. அடுப்புக்கென்று எடுத்துவைத்த, சரியாகச் சுடாத செங்கற்கள் ஊறிக் கரைந்துபோயின. அக்காள் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த மூணு உருண்டையும் சும்மாதானே கெடக்கு?" என்றாள்.

மச்சானுக்கு ஒரே குஷி. சம்பந்தியிடம் போய், "இங்கிலீஷ்காரன் நம்மள அடிக்கக் கொண்டாந்தது. இன்னைக்கு நமக்கு அடுப்புக்கல்லு" என்று பெருமை பேசினார். கூலியாள் உருண்டைகளை முற்றத்தில் முக்கோணமாக வைத்தான். மச்சான் மறுபடி தட்டிப் பார்த்துக்கொண்டார்; மந்தமாகக் கேட்டது கிணற்றுப் பக்கம் இருந்தது. உருளாமல் இருக்கக் களிமண் அணைத்து, மேலே சாணியும் மண்ணும் குழைத்து மெழுகி, அக்காள் கோலம் போட்டாள். மஞ்சள் கட்டிய புதுப்பானை ஏறியது. பரிமளம் கூறைச் சேலையோடு குந்தி விறகு தள்ளினாள்.

பால் நுரைத்து மேலே வருகிற நேரம். முனாப் நானா கொல்லைப்புற வழியாக வந்தார். வேர்த்து ஒழுகிற்று. மச்சானைத் தனியாக அழைத்தார். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன்.

"ஐயா, அந்த நாலாவது உருண்டைய கொல்லன் இன்னைக்கு உளி வெச்சிப் பொளந்தான். உள்ளுக்கு கறுப்புத் தூள். என்னவோண்டு ஒரு சிட்டிகை உலையில போட்டான். மொகமெல்லாம் கருகிப் பெய்த்து. கண்ணு தப்பினது அல்லாஹ்ட காவல். உங்கட மூணையும் ஒருக்கா நிறுத்துப் பாத்திருவமுண்டு ஓடி வந்தன். எங்க வெச்சிருக்கீங்க?"

மச்சான் முற்றத்தைப் பார்த்தார். முனாப் நானாவும் திரும்பிப் பார்த்தார். அவர் கை தானாக வாயைப் பொத்தியது.

கத்தியிருக்கலாம். கத்தினால் எல்லாரும் என்னவென்று பார்க்க அடுப்பண்டைதான் ஓடி வந்திருப்பார்கள். மச்சான் கத்தவில்லை. நேரே நடந்து போய் மகளைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். பானையைக் காலால் உதைத்தார். புதுப்பானை உடைந்து பாலும் அரிசியும் கோலத்தின் மேல் ஓடின. கொள்ளிகளைக் கையாலேயே இழுத்து வீசினார். பிறகு தண்ணீரில் நனைந்து கிடந்த சாக்கை எடுத்து, மூன்றில் ஒரு உருண்டையை, அந்த மந்தமாகக் கேட்டதைச் சுற்றி அள்ளிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார். தொபுக்கென்று சத்தம் கேட்டது.

சம்பந்தியம்மாதான் முதலில் சொன்னாள்: "தலைப்பொங்கப் பானைய ஒதச்சிட்டாரே."

மச்சான் திரும்பி வந்தார். கைகள் வெந்து தோல் உரிந்திருந்தன. முகத்தில் சிரிப்பு. "இனிமே பயமில்ல" என்றார்.

"மத்த ரெண்டையும் நிறுப்பமே ஐயா" என்றார் முனாப் நானா.

"வேணாம் நானா. மந்தமா கேட்டது அது ஒண்ணுதான்."

முனாப் நானா தயங்கினார். பிறகு, வெளிவீட்டு நல்ல காரியத்தில் தான் நிற்பது சரியில்லை என்று நினைத்திருக்க வேண்டும், போய்விட்டார். தனபாலன் நடந்ததைக் கேட்டுவிட்டு, நூறு வருடம் ஆற்றுமண்ணில் கிடந்த இரும்பு வெடிக்குமா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. அக்காள் மானம் போகிறதே என்று அழுதபடி வேறொரு பானை கொண்டுவந்தாள். கிணற்றுக்குள் போன உருண்டைக்குப் பதிலாக நான் ஒரு கருங்கல்லை வைத்தேன். மற்ற இரண்டும் அதே இடத்தில் இருந்தன. மறுபடி தீ மூட்டினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பரிமளம் உட்பட எல்லாரும் அதைச் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்று கூவினோம்.

"இந்த ரெண்டு கல்லாலதான் மானம் தப்பிச்சது. ராசியான கல்லு, எனக்குக் குடுங்க" என்று சம்பந்தியம்மா கேட்டாள். புருஷன் மேலிருந்த ஆத்திரத்தில் அக்காள் உடனே கொடுத்துவிட்டாள். தனபாலனின் வண்டிக்காரன் இரண்டையும் சீர்ச் சாமானோடு ஏற்றினான்.

அதன் பிறகு கெலிஓயாக்காரர்கள் பரிமளத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. கிறுக்குப் பிடித்த வீட்டில் பெண்ணை விடமாட்டேன் என்று தனபாலன் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். அவள் பிள்ளையுண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம்; அதற்கும் அனுப்பவில்லை. அக்காள் பாதி ஆளாகிப் போனாள். மச்சானுக்கு ஒரே யோசனைதான். கிணற்றிலிருக்கும் குண்டை எடுத்துப் பிளந்து அந்தக் கறுப்புத் தூளைத் தனபாலன் கண்ணில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பெண் வந்துவிடுவாள். ஆனால் கிணறு ஆழம், குண்டென்று கேட்டதும் இறங்க ஒருவனும் வரவில்லை.

முப்பத்திநான்காம் வருடம் மழை ஏமாற்றியது. மகாவலியிலேயே பாறை தெரிந்தது. ஆவணி முடிகிற சமயம் மச்சான் வீட்டுக் கிணறு வற்றி, சேற்றுக்குள் அந்த உருண்டையின் முதுகு தெரிந்தது. அதே வாரம்தான், பரிமளத்துக்குப் பிறந்த ஆண்பிள்ளைக்குத் துடக்கு, அதாவது பிறந்த தீட்டு, கழிக்கிற நாள். பேருக்கு எங்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். மச்சான் உருண்டையை எடுப்பித்துச் சாக்கில் கட்டி, அக்காளை முன்னால் அனுப்பிவிட்டு, காலையிலேயே என்னையும் இழுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக் கொல்லன் பட்டறைக்குப் போனார். முனாப் நானாவும் அங்கே வந்தார்.

"மருந்து நனஞ்சிதான் இருக்கும், வெடிக்காது. பொளந்து குடுங்க. அப்படியே கெலிஓயாவுக்குக் கொண்டு போறேன்" என்றார் கொல்லனிடம். அன்றைக்கு அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

கொல்லன் உளியை வைத்து அடித்தான். நெடுநேரம் அடித்தான். உருண்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே தூள் இல்லை. துளையும் இல்லை. முழுக்க இரும்பு, நடுவில் வார்ப்பிலேயே விழுந்த ஒரு வெடிப்பு ஓடியது. அந்த வெடிப்புத்தான் மந்தமாகக் கேட்டிருக்கிறது.

மச்சான் பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லாததுக்கா எம்புள்ள பானைய ஒதச்சேன்" என்றார்.

முனாப் நானா ஒரு பாதியைக் கையில் தூக்கி எடை பார்த்தபடி நின்றார். அவர் முகம் மாறியது.

"ஐயா, நான் எடைக்கு வாங்கினவன். அண்டைக்கு நாலையும் நிறுத்தப்போ ரெண்டு பாரம், ரெண்டு இலேசு. மண்ணு ஒட்டின வித்தியாசமுண்டு நெனச்சிட்டன். இலேசு ஒண்டு இங்க ஒடஞ்சிது, மருந்து ஈந்திச்சி. இது பாரம். அப்ப மத்த இலேசு எங்க ஈக்குது?"

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் மறுபடி தீ மூட்டினோமே, அது எதன் மேல்? சுற்றி நின்று கூவினோமே, எதைச் சுற்றி? மச்சான் எழுந்து பஸ்ஸை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்.

கண்டிக்கு வந்து கெலிஓயா பஸ்ஸில் ஏறினோம். முனாப் நானாவும் வந்தார். பஸ் நிறையாமல் எடுக்கமாட்டேன் என்று டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். அவனை அடித்துவிடுவேன் போலிருந்தது எனக்கு. மச்சான் வழிநெடுக ஒரு வார்த்தைதான் பேசினார். "போன தைக்கும் அதுமேலதான் பொங்கியிருப்பாங்க" என்றார்.

கெலிஓயாவில் கடைக்குப் பின்னால் வீடு. முற்றம் நிறையச் சனம். ஒரு பக்கம் பெரிய அண்டாவில் பாயாசம் கொதித்தது. அண்டாவுக்குக் கீழே மெழுகிய களிமண்ணுக்குள் அந்த இரண்டு உருண்டைகளும் ஒரு கல்லும். தீ நன்றாகப் பிடித்திருந்தது. அடுப்புக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளிப் பாயில் பரிமளம், மடியில் குழந்தை. பக்கத்தில் அக்காள்.

தனபாலன் எங்களைப் பார்த்துவிட்டார். "வாங்க சம்பந்தி. இன்னைக்காவது அடுப்புப் பக்கம் போகாம இருங்க" என்றார். சனம் சிரித்தது.

மச்சான் வாசலிலேயே நின்றார். அவர் மனதில் ஓடியது எனக்கு நன்றாகத் தெரியும். இதே மனிதர்கள் முன்னால், இதே காரியத்தை, இரண்டாம் தடவை செய்ய வேண்டும். இந்தத் தடவையும் பிசகினால் மகளின் முகத்தைச் சாகும்வரை பார்க்க முடியாது. முதல் தடவை காது பொய் சொல்லிற்று. இப்போது கையில் இருப்பது முனாப் நானாவின் ஞாபகம் மட்டும். வெந்த தழும்பு மாறாத அந்தக் கைகள் மட்டும் முன்னால் நீண்டு நின்றன.

நான் அவரைத் தாண்டி ஓட எத்தனித்தேன். அதற்குள் பரிமளம் எழுந்துவிட்டாள்.

அவள் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். குழந்தையை அக்காள் கையில் கொடுத்து, "உள்ள போங்கம்மா" என்றாள். கை கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். பச்சை உடம்புக்காரி, ஒரே மூச்சில் குடத்தை அடுப்புக்குள் கவிழ்த்தாள். புகையும் சாம்பலும் முற்றத்தை மூடின. சம்பந்தியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்தக் கல்லுப்பா?" என்று கேட்டாள் பரிமளம்.

"தெரியலம்மா" என்றார் மச்சான். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்டாவை இறக்கினோம். உருண்டைகள் ஆறும்வரை ஒருவரும் கிட்டப் போகவில்லை. தனபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு முனாப் நானா கடைத் தராசில் இரண்டையும் எதிரெதிரே வைத்தார். ஒரு தட்டு தரையைத் தொட்டது. மற்றது மேலே போய்த் தொங்கியது.

மேலே போனதை மச்சான் மடியில் எடுத்து வைத்து, கத்தியால் சுரண்டினார். எதையும் சுரண்டாதவர் சுரண்டினார். களிமண் போனது, துரு உதிர்ந்தது. அடியில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம் தெரிந்தது. மரம். மேலே கரியாகிப் போயிருந்தது. கத்தி நுனி படப்பட அந்தக் கரி பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே வந்தது. எல்லாம் உதிர்ந்த பிறகு, தீப்படாத மரமாக அங்கே மிஞ்சியிருந்தது ஒரு நகக்கண் அளவு. அதற்கு அந்தப் பக்கம் மருந்து.

தனபாலன் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் உதடு வெளுத்திருந்தது. பாயில் குழந்தை கிடந்த இடத்தை ஒருமுறை பார்த்தார், தராசைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து தரையில் குந்திவிட்டார்.

"புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்கப்பா வீட்டுக்குப் போயிட்டு வாம்மா. எத்தன நாள் வேணுமானாலும் இரு" என்றார்.

அக்காள் அழத் தொடங்கினாள். மச்சான் மகளின் கையைப் பிடிக்கப் போனார். பரிமளம் கையைக் கொடுக்கவில்லை.

"வீட்ல அலுமாரியில இருக்கிறதெல்லாம் நிறுத்துப் பாத்தாச்சாப்பா?" என்று கேட்டாள்.

மச்சான் முனாப் நானாவைப் பார்த்தார். முனாப் நானா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் அவள் வளர்ந்தாள், அதற்கு முதுகைக் கொடுத்துத்தான் என் அக்காள் இத்தனை வருடமும் தூங்குகிறாள்.

அடுத்த நாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து தராசு மச்சான் வீட்டுக்கு வந்தது. அலுமாரி காலியான பிறகுதான் பரிமளம் வந்தாள்.